தோட்டா சில சமயம் வேலியைத் தாண்டிப் போய்விடுகிறது: ரோப்ளாக்ஸ் பெயின்ட்பால் துப்பாக்கி

#1 அரைகுறை_லுவா

வணக்கம். ரோப்ளாக்ஸ் விளையாட்டுகளை உருவாக்கும் ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோவில் ஒரு பெயின்ட்பால் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு அணி, பலகை வேலிகள், நடுவில் ஒரு பழைய லாரி. மேப் முடிந்துவிட்டது. துப்பாக்கிதான் மூன்று வாரமாக இழுக்கிறது.

இப்போது இருப்பது இதுதான். கிளிக் செய்தால் 1 ஸ்டட் (ரோப்ளாக்ஸின் நீள அலகு) அளவுள்ள உருண்டை பார்ட் (திடப்பொருள்) ஒன்றைக் குளோன் செய்து, துப்பாக்கி முனையில் வைத்து, அசெம்ப்ளி லீனியர் வெலாசிட்டியை, அதாவது வேகத்தை, நொடிக்கு 800 ஸ்டட் ஆக்கிவிடுகிறேன். எதையாவது தொட்டால் கிளம்பும் டச்டு ஈவென்டில், பட்ட பார்ட்டின் பேரன்ட்டுக்குள் (அதை உள்ளே வைத்திருக்கும் பொருளுக்குள்) ஹியூமனாய்டு (இது ஒரு ஆள் என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் அந்த ஆள் அவுட்.

லாரியில் சுட்டால் ஒழுங்காகப் படுகிறது. 1 ஸ்டட் தடிமனுள்ள பலகை வேலியில் சுட்டால் பத்துக்கு நாலு உருண்டை அந்தப் பக்கம் போய்விடுகிறது. சில சமயம் என் கையிலேயே பட்டு நானே அவுட். உருண்டையை 3 ஸ்டட் ஆக்கிப் பார்த்தேன். வேலியில் தவறாமல் படுகிறது, ஆனால் கால்பந்தால் சுடுவதுபோல இருக்கிறது.

வீட்டில் தங்கையும் சித்தப்பா பையனும்தான் டெஸ்டர்கள். தங்கை மட்டும் அவுட்டே ஆவதில்லை, நன்றாக ஒளிகிறாள்.

எல்லோரும் ரேகாஸ்ட் போடு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு போட்டு அது எதில் படுகிறது என்று பார், என்கிறார்கள். ரேகாஸ்ட் என்றால் சுட்ட உடனே பட்டுவிடுமே? எனக்கு உருண்டை பறந்து போவது கண்ணில் தெரிய வேண்டும்.

#2 சும்மா_சொன்னேன்

தோட்டா பறக்கவிட ஃபாஸ்ட்காஸ்ட் என்று ஒரு ஆயத்த மாட்யூல் இருக்கிறது. எடுத்துப் போடுங்கள், அரை மணி நேர வேலை. மூன்று வாரம் எல்லாம் எதற்கு?

#3 நேர்க்கோடு

அது நல்ல மாட்யூல்தான். ஆனால் கேட்டவருக்கு ஏன் தாண்டுகிறது என்பதே இன்னும் தெரியவில்லை. தெரியாமல் போட்டால், அடுத்த சிக்கல் வரும்போது மாட்யூலைத் திட்டிக்கொண்டு இங்கேயே வந்து நிற்பார்.

தம்பி, உங்கள் "பத்துக்கு நாலு" ரொம்ப அழகான எண். ரோப்ளாக்ஸின் இயற்பியல் கணக்கு ஒரு நொடிக்கு 240 தடவை ஓடுகிறது. 800-ஐ 240-ஆல் வகுத்தால் 3.3. அதாவது உருண்டை வழுக்கிக்கொண்டு போவதில்லை, 3.3 ஸ்டட்டுக்கு ஒரு தாவலாகத் தாவுகிறது. தாவி இறங்கும் இடத்தில் வேலி இருந்தால்தான் டச்டு கிளம்பும். வேலி 1, உருண்டை 1, இரண்டும் சேர்ந்து 2 ஸ்டட் அகல வாசல். 3.3-இல் 2 என்றால் ஐந்துக்கு மூன்று தடவை படும், இரண்டு தடவை தாண்டும். உருண்டையை 3 ஆக்கினீர்கள், வாசல் 4 ஆனது, தாவலைவிடப் பெரிது, அதனால் தவறவே இல்லை. ஆக உங்கள் ஸ்கிரிப்ட் கெட்டுப்போகவில்லை. கேட்கும் கேள்விதான் தப்பு. "இப்போது எதையாவது தொடுகிறாயா?" என்று உருண்டையிடம் கேட்கிறீர்கள். "போன தடவை இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் நடுவில் என்ன இருந்தது?" என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் ரேகாஸ்ட்.

உடனே படும் துப்பாக்கியில் நீளமாக ஒரே ஒரு கோடு. பறக்கும் தோட்டாவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு குட்டிக் கோடு, முந்தைய கோடு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். நடுவில் இடைவெளியே இல்லாததால் எவ்வளவு வேகம் வைத்தாலும் வேலி தப்பாது.

ரோப்ளாக்ஸின் நிரல் மொழியான லுவாவில் அப்படியே ஒட்டினால் காப்பி அடித்துவிடுவீர்கள், மனதில் நிற்காது. அதனால் தமிழில்:

ஒவ்வொரு ஹார்ட்பீட்டுக்கும் (ஃபிரேமுக்கு ஒரு தடவை)
— நகர்வு = வேகம் × டெல்டா நேரம் (போன ஃபிரேமிலிருந்து ஆன நேரம்)
— விடை = வொர்க்ஸ்பேஸில் (விளையாட்டு உலகில்) ரேகாஸ்ட் (இருக்கும் இடம், நகர்வு, வடிகட்டி)
— விடை வந்தால்: உருண்டையை விடையின் பொசிஷனில் நிறுத்து, யார் மேல் பட்டது என்று பார், பட்டியலிலிருந்து நீக்கு
— வராவிட்டால்: இருக்கும் இடம் = இருக்கும் இடம் + நகர்வு, உருண்டையை அங்கே வை

கண்ணுக்குத் தெரியும் உருண்டை வெறும் பொம்மை. ஆங்கர் செய்துவிடுங்கள். கேன்கொலைடு (மோதுவது), கேன்டச் (தொடுவது), கேன்குவெரி (ரேகாஸ்டில் படுவது) மூன்றையும் அணைத்துவிடுங்கள். அது எதையும் தீர்மானிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: ரேகாஸ்டின் இரண்டாவது இடத்தில் போவது கோடு எங்கே முடிகிறது என்பதல்ல, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பது. எதிரி நிற்கும் இடத்தையே அதில் கொடுத்துவிட்டு "விசித்திரமாக எங்கோ படுகிறது" என்று இங்கே வாரம் ஒருவர் வருவார். திசையை மட்டும் காட்டும், நீளம் 1 உள்ள யூனிட் வெக்டரை மட்டும் கொடுத்தால் கோடு 1 ஸ்டட்டோடு நின்றுவிடும்.

#4 அரைகுறை_லுவா

அண்ணா, வேலை செய்கிறது! வேலியில் நூறு சுட்டேன், நூறும் பட்டது. வேகத்தை 5000 வைத்தும் பார்த்தேன்.

ஆனால் பாதி தோட்டா துப்பாக்கி முனையிலேயே நின்றுவிடுகிறது. என் துப்பாக்கியின் மேலேயே படுகிறது என்று நினைக்கிறேன்.

#5 நேர்க்கோடு

அக்கா.

வடிகட்டிக்கு ரேகாஸ்ட் பராம்ஸ் என்று ஒன்று உருவாக்கி, ஃபில்டர் டைப்பை எக்ஸ்க்ளூட் (விலக்கு) ஆக்கி, உங்கள் கேரக்டரை (விளையாட்டு பொம்மையை) அந்தப் பட்டியலில் போடுங்கள். கையில் பிடித்த டூல் கேரக்டருக்குள்தான் இருக்கும், அதனால் துப்பாக்கியும் சேர்ந்தே விலகிவிடும். உருண்டைகளுக்கு ஏற்கெனவே கேன்குவெரியை அணைத்தாயிற்று. பராம்ஸை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகச் செய்யாதீர்கள், சுடும்போது ஒரு தடவை போதும்.

#6 அரைகுறை_லுவா

மன்னிக்கவும் அக்கா. பெயரைப் பார்த்துத் தெரியவில்லை.

சரியாகிவிட்டது. இப்போது சித்தப்பா பையன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறான். வேலியை ஒட்டி நின்று துப்பாக்கி முனையைப் பலகைக்குள் சொருகிவிட்டுச் சுடுகிறான். அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாம் அவுட். மறுபடியும் வேலி தாண்டுகிறதே?

#7 நேர்க்கோடு

பையன் கெட்டிக்காரன், விட்டுவிடாதீர்கள், நல்ல டெஸ்டர்.

கோடு ஒரு பார்ட்டின் உள்ளே தொடங்கினால், அந்தப் பார்ட் விடையில் வராது. முனை பலகைக்குள் இருந்தால் கோடு பலகைக்குள் பிறக்கிறது, பலகை அதற்குக் கண்ணில் படுவதில்லை. முனை முழுதாக அந்தப் பக்கம் போய்விட்டால் சொல்லவே வேண்டாம்.

தோட்டாவைக் கிளப்புவதற்கு முன்னால் கூடுதலாக ஒரு கோடு போடுங்கள்: தலையிலிருந்து முனை வரைக்கும். நடுவில் எதுவாவது தட்டுப்பட்டால் தோட்டா அங்கேயே பட்டதாக வைத்து பெயின்ட் அடித்துவிடுங்கள். தலை பலகைக்குள் போக முடியாது, உடம்பு மோதி நின்றுவிடும், அதனால் அங்கிருந்து தொடங்குவது பாதுகாப்பு.

மூன்றாம் ஆள் கேமராவா, தலைக்குள் கேமராவா?

#8 அரைகுறை_லுவா

மூன்றாம் ஆள். அதிலும் ஒன்று கேட்க நினைத்தேன். குறி நடுவில் இருக்கிறது, பெயின்ட் எப்போதும் வலதுபக்கம் தள்ளிப் படுகிறது.

#9 நேர்க்கோடு

கேமரா பார்க்கும் திசையையே தோட்டாவுக்கும் கொடுத்திருப்பீர்கள். கேமரா முதுகுக்குப் பின்னால், துப்பாக்கி வலது கையில். இரண்டு கோடும் இணையாகப் போனால் கடைசி வரை சேராது, கை தள்ளியிருக்கும் அளவு பெயின்ட்டும் தள்ளித்தான் படும். முதலில் கேமராவிலிருந்து திரையின் நடு வழியாக ஒரு கோடு போட்டு அது எதில் படுகிறது என்று பாருங்கள், எதிலும் படாவிட்டால் 1000 ஸ்டட் தள்ளி ஒரு புள்ளி. பிறகு முனையிலிருந்து அந்தப் புள்ளிக்குத் திசை எடுங்கள். புள்ளியிலிருந்து முனையைக் கழித்து யூனிட் ஆக்கினால் திசை.

முதுகுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு தூண் வந்துவிட்டால் தோட்டா பின்னால் பறக்கும். புள்ளி உங்களுக்கு முன்னால்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

#10 சும்மா_சொன்னேன்

தலை–முனைக் கோடு, கேமராக் கோடு, ஃபிரேமுக்கு ஒரு கோடு. இத்தனை கோடு போட்டு ஒரு பெயின்ட்பாலா? உடனே படும் துப்பாக்கியாகவே வைத்துவிட்டு, உருண்டை பறப்பதுபோல ஒரு படம் காட்டினால் போதாதா? 1993-இல் வந்த டூம் விளையாட்டிலேயே கைத்துப்பாக்கி உடனே படுவதுதான்.

#11 பிங்_300

அதே டூமில் ராக்கெட்டும் இம்ப் என்ற அரக்கன் வீசும் நெருப்பும் பறந்து வரும், ஒதுங்கலாம். இரண்டும் வேறு வேறு விளையாட்டு உணர்வு, ஒன்றுக்கு ஒன்று பதில் அல்ல.

100 ஸ்டட் தூரத்தில் ஒருவர் குறுக்கே ஓடுகிறார் என்று வையுங்கள். 800 வேகத்தில் தோட்டா போய்ச்சேர ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. ரோப்ளாக்ஸில் சாதாரண நடை வேகம் நொடிக்கு 16 ஸ்டட், அதற்குள் அவர் 2 ஸ்டட் நகர்ந்திருப்பார். பழைய கட்டை பொம்மையின் உடம்பு அகலமே 2 ஸ்டட்தான். ஆகவே நடு நெஞ்சுக்குக் குறிவைத்தால் தோட்டா முதுகுப்பக்கமாகப் போய்விடும், கொஞ்சம் முன்னால் குறிவைக்க வேண்டும். பெயின்ட்பாலின் ருசியே அதில்தான் இருக்கிறது. வேகம் 5000 வைத்தால் அந்த ருசி போய்விடும், அப்போது நீங்கள் சொல்வதுபோல ஒரே கோடு போதும்.

இடையில் ஒன்று. வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற பழைய விளையாட்டில் (1992) ரேகாஸ்டிங் இருக்கிறது என்று தேடிப் போய்க் குழம்பாதீர்கள். அங்கே கோடு போட்டது சுவரைத் திரையில் வரைவதற்கு, திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு கோடு. பெயர்தான் ஒன்று.

#12 பிளஸ்_ஒன்_வாத்தியார்

நான் விளையாட்டு செய்கிறவன் அல்ல, பையன் காட்டியதால் வந்தேன். இந்த இழையில் புவியீர்ப்பு பற்றி ஒருவரும் பேசவில்லையே. உருண்டை நேர்க்கோட்டிலா பறக்கும்?

#13 அரைகுறை_லுவா

சார், நேற்று அதைத்தான் சேர்த்தேன். வொர்க்ஸ்பேஸ் கிராவிட்டியை எடுத்து வேகத்தின் ஒய் பக்கத்தில் கழிக்கிறேன். உருண்டை கல்லைப் போல விழுகிறது. தவிர, என் லேப்டாப்பில் ஒரு இடத்திலும் சித்தப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் வேறு இடத்திலும் விழுகிறது.

#14 பிளஸ்_ஒன்_வாத்தியார்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

கல்லைப் போல விழுவதற்குக் காரணம் 196.2. ரோப்ளாக்ஸில் கிராவிட்டியின் இயல்பு மதிப்பு அதுதானாம், பையன் சொன்னான். ஒரு ஸ்டட் 0.28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நொடிவர்க்கத்துக்கு 55 மீட்டர் வருகிறது, நம் பூமியைப்போல ஐந்தரை மடங்கு. 200 ஸ்டட் தூரத்துக்கு 800 வேகத்தில் கால் நொடி. அரை × 196.2 × 0.0625 = 6.1 ஸ்டட். உங்கள் பொம்மையின் உயரம் சுமார் 5. நெற்றிக்குக் குறிவைத்தால் காலுக்கும் கீழே மண்ணில் போய் விழும். மனிதர் குதிப்பதற்கு வைத்த ஈர்ப்பைத் தோட்டாவுக்கும் வைக்க வேண்டிய கட்டாயம் என்ன? தனியாக ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். 40 வைத்தால் அதே தூரத்தில் 1.25 ஸ்டட்தான் இறங்கும், வளைவும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறுவது. ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு வேகத்தைக் குறைக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் ஃபிரேமின் தொடக்கத்தில் இருந்த வேகம் ஃபிரேம் முழுக்க இருந்ததாகப் பொய்க்கணக்கு ஆகிறது. ஒரு நொடி பறந்தால், 196.2 ஈர்ப்புக்கு, நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் இடத்தில் 1.6 ஸ்டட் பிழை. 30 ஃபிரேம் ஓடும் இடத்தில் 3.3 ஸ்டட். பழைய கம்ப்யூட்டரில் தோட்டா மேலே நிற்கும். சரிதானா பாருங்கள்.

தீர்வு எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான்: நகர்வு = வேகம் × நேரம் + அரை × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். அதற்குப் பிறகு வேகத்தை மாற்றுங்கள். ஈர்ப்பு மாறாமல் இருக்கும்வரை இது தோராயம் அல்ல, சரியான விடை. ஃபிரேம் எத்தனை ஓடினாலும் ஒரே இடத்தில் விழும்.

"இதை எல்லாம் எங்கே சார் பயன்படுத்தப் போகிறோம்" என்று வருடா வருடம் கேட்கிறார்கள். இந்த இழையைக் காட்டப் போகிறேன்.

#15 அரைகுறை_லுவா

பழைய கம்ப்யூட்டரில் மேலேதான் விழுந்தது சார்! நான் சொல்லவே இல்லையே. மாற்றிவிட்டேன், இரண்டிலும் ஒரே பலகை.

#16 நேர்க்கோடு

வாத்தியார் வந்தது நல்லதாயிற்று. நானும் பல வருடம் அந்தப் பொய்க்கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரேகாஸ்டுக்குக் கொடுக்கும் நகர்வும் அதே முழு நகர்வாக இருக்கட்டும். வேகம் × டெல்டாவை மட்டும் கோட்டுக்குக் கொடுத்துவிட்டு, உருண்டையை முழு நகர்வுக்கு நகர்த்தினால் கோடுகளுக்கு நடுவில் இடைவெளி விழும். வளைவைச் சின்னச் சின்ன நேர்க்கோடுகளால் வரைகிறோம், நுனியும் அடியும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

#17 பிங்_300

எல்லாம் சரி. இவ்வளவும் எங்கே ஓடுகிறது? விளையாடுகிறவரின் கம்ப்யூட்டரான கிளையன்டிலா, எல்லோருக்கும் பொதுவான சர்வரிலா?

#18 அரைகுறை_லுவா

கிளையன்டில். பட்டவுடன் ரிமோட் ஈவென்டில் "இந்த ஆள் அவுட்" என்று சர்வருக்கு அனுப்புகிறேன்.

#19 பிங்_300

பயந்தது சரியாகப் போயிற்று. ஏமாற்றுகிறவர் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். அந்த ரிமோட் ஈவென்டை நேராகக் கூப்பிட்டு, எல்லோர் பெயரையும் வரிசையாக அனுப்புவார். ஒரே நொடியில் அணி காலி. கிளையன்டிலிருந்து வருவது எதுவும் உண்மை அல்ல, மனு மட்டும்தான். என்னைக் கேட்டால் சர்வரே முழுத் தோட்டாவையும் ஓட்டித் தீர்மானிக்க வேண்டும்.

#20 நேர்க்கோடு

அது ஏமாற்றுக்காரருக்கு நல்ல பதில், நேர்மையாக விளையாடுகிறவருக்குத் தண்டனை. உங்கள் பெயரிலேயே 300 இருக்கிறது, பிங் 300 என்றால் 300 மில்லிநொடித் தாமதம். உங்கள் திரையில் தெரியும் எதிரி, அவர் கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த இடத்தில் தெரிகிறார். நீங்கள் கிளிக் செய்தது சர்வருக்குப் போய்ச்சேர இன்னும் கொஞ்ச நேரம். 0.3 நொடி என்றால் ஓடுகிறவர் 4.8 ஸ்டட் நகர்ந்திருப்பார். திரையில் நெஞ்சில் பெயின்ட் தெறிக்கிறது, சர்வர் "படவில்லை" என்கிறது. நான்கு தடவை அப்படி நடந்தால் விளையாடுகிறவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

#21 பிங்_300

அதற்குத்தான் சர்வர் பின்னோக்கிப் பார்ப்பது. ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு அப்படிச் செய்ததை வால்வ் நிறுவனத்தார் 2001-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் முன்பு எங்கே இருந்தார்கள் என்று சர்வர் குறித்து வைத்துக்கொண்டு, சுட்டவர் பார்த்த நேரத்துக்குப் போய்க் கணக்குப் பார்க்கும். சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்த பிறகும் அவுட் ஆனேன் என்ற புலம்பலும் அதிலிருந்துதான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

#22 நேர்க்கோடு

தங்கையும் சித்தப்பா பையனும் விளையாடும் விளையாட்டுக்கு அது யானைக்குப் போடும் அங்குசம். கிளையன்ட் தீர்மானிக்கட்டும், சர்வர் சந்தேகப்படட்டும். சுடும்போதே முனை, திசை, நேரம் மூன்றையும் அனுப்புங்கள். பட்டபோது யார், எந்த இடம் என்று அனுப்புங்கள். முனை அவருடைய கேரக்டருக்குப் பக்கத்தில்தானா, போன சூட்டுக்கும் இதற்கும் போதிய இடைவெளி இருக்கிறதா, பட்ட இடம் எதிரியிலிருந்து 6, 7 ஸ்டட்டுக்குள் இருக்கிறதா, அந்தத் தூரத்தைத் தோட்டா கடக்க வேண்டிய நேரம் ஆகியிருக்கிறதா என்று சர்வர் பார்த்தால் போதும். நடுவில் வேலி இருக்கிறதா என்பதற்கு மேப்பை மட்டும் இன்க்ளூட் செய்து அதே வளைவில் சர்வர் ஒரு தடவை கோடுகள் போட்டுப் பார்க்கலாம். மேப் நகராது, அதனால் அதில் பிங் தகராறு கிடையாது.

அப்புறம், பறக்கும் உருண்டையின் இடத்தை ஃபிரேமுக்கு ஒரு தடவை நெட்வொர்க்கில் அனுப்ப வேண்டாம். சுட்ட செய்தியை மட்டும் மற்றவர்களுக்கு அனுப்பினால், அவரவர் கம்ப்யூட்டர் அதே கணக்கைப் போட்டு உருண்டையைப் பறக்கவிட்டுக்கொள்ளும்.

#23 பிங்_300

வேலியைச் சர்வர் பார்க்கிறது என்றால் எனக்குப் பாதி சம்மதம். பரிசு கிரிசு வைத்துப் போட்டி நடத்தினால் என்னிடம் வாருங்கள்.

#24 அரைகுறை_லுவா

இரண்டு நாள் ஆனது, செய்துவிட்டேன். நடுவில் ஒரு பிழை என்னைக் கொன்றுவிட்டது. நிறையப் பேர் சுடும்போது மட்டும் "நில்லை இன்டெக்ஸ் செய்ய முடியாது" என்று வந்தது, அதாவது ஒன்றுமே இல்லாததற்குள் எதையோ தேடுகிறேனாம். எல்லாத் தோட்டாவையும் ஒரே பட்டியலில் வைத்து ஒன்றிலிருந்து கடைசி வரை ஓட்டிக்கொண்டே, பட்டதை டேபிள் ரிமூவ் செய்துகொண்டிருந்தேன். நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பவை ஒரு படி முன்னால் வந்துவிடுகின்றன. அடுத்தது தவறிப்போகிறது, கடைசி எண்ணில் ஒன்றுமே இல்லை. பட்டியலைக் கடைசியிலிருந்து ஒன்றுவரை ஓட்டினேன், சரியாகிவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும்.

இன்னொரு கேள்வி. கம்பி கிரில்லில் சின்ன ஓட்டை வழியாக உருண்டை போய்விடுகிறது. உருண்டை ஓட்டையைவிடப் பெரிது.

#25 நேர்க்கோடு

கோட்டுக்குத் தடிமன் கிடையாது. ரேகாஸ்டுக்குப் பதில் ஸ்பியர்காஸ்ட் போடுங்கள், இடம், ஆரம், நகர்வு, பராம்ஸ். கோட்டுக்குப் பதில் ஒரு குழாய் போல் துழாவும். ஆனால் தொடங்கும்போதே உருண்டை எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாது, பழைய பலகைக் கதைதான். தலை–முனைக் கோட்டை எடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பட்ட பார்ட்டின் பேரன்ட்டில்தான் இன்னும் ஹியூமனாய்டு தேடுகிறீர்களா? முதல் பதிவிலேயே உறுத்தியது, வேலிப் பேச்சில் மறந்துவிட்டேன். உங்கள் தங்கை என்ன போட்டுக்கொண்டு விளையாடுகிறாள்?

#26 அரைகுறை_லுவா

பெரிய தொப்பி. முதுகில் முட்டி வரைக்கும் இறக்கை. ஏன்?

#27 நேர்க்கோடு

தொப்பியின் ஹேண்டில் பார்ட்டுக்குப் பேரன்ட் கேரக்டர் இல்லை, ஆக்ஸசரி (அணிகலன்). அதற்குள் ஹியூமனாய்டு இருக்காது. இறக்கையில் பட்ட தோட்டா எல்லாம் ஏதோ மரத்தில் பட்டதாகத்தான் உங்கள் ஸ்கிரிப்ட் நினைத்துக்கொண்டிருந்தது. பேரன்ட்டை விட்டுவிட்டு, ஃபைண்ட் ஃபர்ஸ்ட் ஆன்செஸ்டர் ஆஃப் கிளாஸ் வைத்து, படிப்படியாக மேலே ஏறிப்போய் மாடலைத் தேடி, அதற்குள் ஹியூமனாய்டைப் பாருங்கள்.

#28 அரைகுறை_லுவா

மாற்றிவிட்டேன் அக்கா. முதல் ஆட்டத்தில் பதினோரு நொடியில் தங்கை அவுட். இறக்கையில்தான் பட்டது. விளையாட்டைக் கெடுத்துவிட்டேன், பழையபடி மாற்றாவிட்டால் இனிமேல் டெஸ்ட் செய்ய வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா பையன் இப்போது இறக்கை வாங்கக் காசு கேட்கிறான், ஏன் என்று தெரியவில்லை.

#29 சும்மா_சொன்னேன்

கடைசியில் ஃபாஸ்ட்காஸ்ட் போடவே இல்லையா?